ரத்தம் எடுப்பது யார், உடம்பு துடைப்பது யார்? ஜெர்மனிக்குப் போன ஸ்பெயின் செவிலியர்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2012, 2013 வாக்கில் ஸ்பெயினிலிருந்து ஜெர்மனிக்கு வேலைக்குப் போன செவிலியர்களிடமிருந்து ஒரே மாதிரியான குறை திரும்பத் திரும்பக் கேட்டது. பல்கலைக்கழகத்தில் நர்ஸுக்குப் படித்துவிட்டு வந்தால், இங்கே நோயாளியைக் குளிப்பாட்டவும் சாப்பாடு ஊட்டவும்தான் விடுகிறார்கள், ரத்தம் எடுக்கக்கூட ஊசியைக் கையில் தருவதில்லை என்றார்கள். அதே வார்டில் வேலை பார்த்த ஜெர்மன் செவிலியர்களுக்கும் ஒரு குறை இருந்தது. புதிதாக வந்தவர்களுக்கு நோயாளியின் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் அடிப்படையே தெரியவில்லை, துடைத்துவிடுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள் என்று அவர்கள் சொன்னார்கள்.

இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி இந்த இருவரும் ஒரே தொழில் செய்பவர்கள். ஒருவரின் சான்றிதழை மற்ற நாடு கேள்வி கேட்காமல் ஏற்க வேண்டும். ஐரோப்பாவில் நாடுவிட்டு நாடு செல்லுபடியாக வேண்டும் என்று முதலில் ஒழுங்கு செய்யப்பட்ட தொழில்களில் நர்ஸ் வேலையும் ஒன்று. அதிலேயே இப்படி என்றால், தொழில்களை நாடுகளுக்கிடையே ஒப்பிடுகிற அட்டவணைகளை எவ்வளவு தூரம் நம்பலாம்? அதைப் பார்க்கத்தான் இந்த ஒரு நிகழ்வைக் கொஞ்சம் பிரித்து வைக்கிறேன்.

போன காரணம் எளிது. 2013-ல் ஸ்பெயினில் வேலையின்மை 26 சதவீதம். 25 வயதுக்குக் கீழ் வேலைச் சந்தையில் இருந்தவர்களில் வேலை தேடியும் கிடைக்காதவர்கள் பாதிக்கு மேல். அங்கே நல்ல நர்ஸ் வேலை என்றால் அரசு மருத்துவமனை வேலைதான். அதற்குப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். நம்மூரில் அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் எம்ஆர்பி தேர்வு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். சிக்கன நடவடிக்கை வந்ததும், ஓய்வு பெற்றவர்களின் இடங்களில் பெரும்பாலானவை நிரப்பப்படவில்லை. இந்தப் பக்கம் ஜெர்மனியில் முதியோர் பெருகிக்கொண்டே போக, நர்ஸ் பற்றாக்குறை. ஐரோப்பிய இளைஞர்களைப் பயிற்சிக்கும் வேலைக்கும் அழைத்துவர ஜெர்மன் அரசே 2013-ல் மோபிப்ரோ என்ற திட்டத்தைத் தொடங்கியது. தனியார் நிறுவனங்கள் அதற்கு முன்பே ஆள் எடுக்க ஆரம்பித்திருந்தன. வீட்டிலேயே வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனங்கள் இதில் முன்னணியில் இருந்தன. மொழி வகுப்புச் செலவை நிறுவனமே ஏற்கும். ஆனால் ஒப்பந்தக் காலம் முடியும் முன் வேலையை விட்டால் பல ஆயிரம் யூரோவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று சில ஒப்பந்தங்களில் இருந்தது. இதை எதிர்த்து பெர்லினில் ஸ்பானிய செவிலியர்கள் கூட்டம் கூட்டிப் போராடினார்கள். அந்தக் கதை தனி. இங்கே நமக்கு வேண்டியது வேலைக்குள் நடந்தது.

காகிதத்தில்

செவிலியர் படிப்பை நாடுகளுக்கிடையே ஏற்றுக்கொள்வதற்கான முதல் ஐரோப்பிய உத்தரவுகள் 1977-லேயே வந்துவிட்டன. இன்று நடைமுறையில் இருப்பது 2005-ஆம் ஆண்டின் 36-ஆம் உத்தரவு. 2013-ல் அதில் திருத்தம் செய்தார்கள். அதன் கணக்கு இது: பொது நர்ஸிங் படிப்பு குறைந்தது 3 ஆண்டு, குறைந்தது 4,600 மணி நேரம். அதில் மூன்றில் ஒரு பங்காவது வகுப்பறைப் பாடம், பாதியாவது நோயாளிகளுடன் நேரடிப் பயிற்சி. இதை முடித்தவரின் சான்றிதழ் ஒன்றிய நாடுகள் எங்கும் தானாகவே செல்லும். சேருமிடத்து மொழி தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜெர்மனியில் இப்போதுள்ள படிப்பு 2,100 மணி நேரப் பாடம், 2,500 மணி நேரப் பயிற்சி. கூட்டினால் சரியாக 4,600. ஒரு மணி நேரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை! இது அவுஸ்பில்டுங் எனப்படும் தொழிற்பயிற்சி. பள்ளியில் 10 ஆண்டு முடித்தவர் சேரலாம், மூன்று ஆண்டும் சம்பளம் உண்டு. ஸ்பெயினில் 1977 முதல் நர்ஸிங் பல்கலைக்கழகப் படிப்பு. முதலில் 3 ஆண்டு டிப்ளமா. ஐரோப்பியப் பட்டங்களை ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்த பொலோனியா சீர்திருத்தத்துக்குப் பிறகு 4 ஆண்டு இளநிலைப் பட்டம்.

இந்த 10 ஆண்டு விஷயத்தில் ஒரு சண்டையே நடந்தது. நர்ஸிங் சேருவதற்கு எல்லா நாடுகளிலும் 12 ஆண்டுப் பள்ளிப் படிப்பு வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2011 இறுதியில் முன்மொழிந்தது. பெரும்பாலான நாடுகளுக்கு இதில் பிரச்சினை இல்லை, அவை ஏற்கெனவே அப்படித்தான். ஜெர்மனி எதிர்த்தது. ஆள் கிடைப்பதே கஷ்டம், வாசலை இன்னும் குறுக்கினால் யார் வருவார்கள் என்பது அதன் வாதம். கடைசியில் இரண்டு வாசலையும் திறந்து வைத்தார்கள். பல்கலைக்கழக வழியில் வருபவருக்கு 12 ஆண்டு, தொழிற்பள்ளி வழியில் வருபவருக்கு 10 ஆண்டு. இரண்டு வழியில் போனாலும் வெளியே வரும்போது ஒரே சான்றிதழ் மதிப்பு. சமரசம் என்றால் இதுதான் சமரசம்.

2013 திருத்தத்தில் இன்னொன்றும் சேர்த்தார்கள்: ஒரு நர்ஸுக்கு இருக்க வேண்டிய எட்டுத் திறன்கள். நோயாளிக்கு என்ன பராமரிப்பு தேவை என்று தானே கண்டறிந்து திட்டமிடுவது, உயிர் காக்கும் உடனடி நடவடிக்கைகளைத் தானே தொடங்குவது, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் ஆலோசனை சொல்வது, மற்ற துறையினரோடு சேர்ந்து வேலை செய்வது, பராமரிப்பின் தரத்தை உறுதி செய்வது என்று போகிறது அது. நல்ல பட்டியல்தான். ரத்தம் எடுப்பதைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. உடம்பு துடைப்பதைப் பற்றியும் இல்லை.

வார்டில்

ஸ்பெயினில் 1953 முதல் செவிலியருக்கு இருந்த அதிகாரப்பூர்வப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘சுகாதாரத் தொழில்நுட்ப உதவியாளர்’ என்று வரும். டாக்டருக்குத் துணையாக நின்று தொழில்நுட்ப வேலைகளைச் செய்பவர் என்ற பொருள் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 1977-ல் பெயர் மாறி, படிப்பு பல்கலைக்கழகத்துக்குள் போனது. ஊசி, மருந்து, சிரை வழி, கட்டு, கண்காணிப்பு என்ற அந்தச் சாய்வு மட்டும் மாறவில்லை. குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, சாப்பாடு கொடுப்பது எல்லாம் ஆக்சிலியார் எனப்படும் உதவிச் செவிலியரின் வேலை. அவருக்கெனத் தனிப் படிப்பு, தனிப் பதவி, தனிச் சம்பளம். இது போக, நோயாளியின் குடும்பத்தில் ஒருவர் இரவும் பகலும் கட்டில் பக்கத்திலேயே இருப்பார். ஸ்பானிய மருத்துவமனையில் நோயாளிக்கு அருகே ஒரு சாய்வு நாற்காலி போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் காலியாக இருப்பதில்லை.

ஜெர்மனிக்கு வேறு வேர். 1836-ல் ரைன் நதிக்கரையில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் தியோடோர் ஃப்ளீட்னர் என்ற பாதிரியார் தொடங்கிய மடத்தில் பெண்கள் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்றார்கள். 1851-ல் அங்கே சில மாதம் பயின்றவர்களில் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலும் ஒருவர். அங்கிருந்து வந்த மரபில் நோயாளியை முழு மனிதராகப் பார்த்துக்கொள்வதுதான் தொழில். காலையில் முகம் கழுவி விடுவதிலிருந்து எல்லாமே ஒருவர் கையில். நர்ஸை ‘ஷ்வெஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சகோதரி என்று பொருள்; நம் ஆஸ்பத்திரிகளில் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுகிற அதே பழக்கம். உடம்பைக் கழுவும்போதுதான் படுக்கைப் புண் தொடங்குகிறதா, தோல் நிறம் மாறியிருக்கிறதா, ஆள் நேற்றைவிடச் சோர்ந்திருக்கிறாரா என்பது தெரியும் என்று ஜெர்மன் நர்ஸ் சொல்வார். அது வெறும் சாக்கு அல்ல, நியாயமான பேச்சு.

மறுபக்கம் டாக்டர் இருக்கிறார். ஜெர்மனியில் ஊசி, டிரிப்ஸ், ரத்தம் எடுப்பது ஆகியவை சட்டப் பார்வையில் மருத்துவரின் செயல்கள். அவர் ஒப்படைத்தால்தான் நர்ஸ் செய்யலாம். நடைமுறையில் ஊருக்கு ஊர், வார்டுக்கு வார்டு வித்தியாசம் உண்டு. ஆனாலும் பல மருத்துவமனைகளில் வென்ஃப்ளான் (டிரிப்ஸுக்காகச் சிரையில் செருகும் குழாய்) போடுவதும் ரத்தம் எடுப்பதும் இளம் டாக்டர்களின் வேலை, அல்லது கடைசி ஆண்டு மருத்துவ மாணவர்களின் வேலை. ஸ்பெயினில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே ஒரு டாக்டர் ரத்தம் எடுக்க வந்தால்தான் நோயாளி பயப்படுவார்.

சரி, இப்போது படம் தெளிவாகிறது. ஸ்பெயினில் நர்ஸுக்குக் கீழே ஆக்சிலியார் இருக்கிறார், பக்கத்தில் குடும்பம் இருக்கிறது. அதனால் நர்ஸ் மேலே நகர்ந்து, டாக்டரின் எல்லைக்குள் கொஞ்சம் போய் நிற்கிறார். ஜெர்மனியில் கீழே ஆள் குறைவு, மேலே டாக்டர் தன் வேலையை இறுக்கிப் பிடித்திருக்கிறார். அதனால் நர்ஸின் இடம் கீழ்நோக்கி அகலமாக இருக்கிறது. ஒரு தொழிலின் எல்லைக்கல்லை அந்தத் தொழில் மட்டும் நடுவதில்லை, அக்கம்பக்கத்துத் தொழில்களும் சேர்ந்துதான் நடுகின்றன. நர்ஸை நர்ஸோடு ஒப்பிட்டால் இது கண்ணில் படாது. ஆயா, நர்ஸ், டாக்டர் மூவரையும் ஒரே கட்டாக எடுத்து, அந்த நாட்டின் மூவரோடு இந்த நாட்டின் மூவரை வைத்துப் பார்க்க வேண்டும். நான் பார்த்த வரையில் தொழில் ஒப்பீட்டு அட்டவணைகள் செய்யத் தவறுவது இதைத்தான்.

இங்கே யாருடைய நர்ஸிங் உயர்ந்தது என்ற கேள்விக்கு அர்த்தமில்லை என்பது என் கட்சி. ஆனால் வேலைக்கு ஆள் எடுத்தவர்கள் இந்த வித்தியாசத்தை விமானம் ஏறும் முன் சொல்லியிருக்கலாம். பலருக்குச் சொல்லப்படவில்லை. வந்த பிறகுதான் தெரிந்தது.

பட்டியல்கள் என்ன சொல்கின்றன

உலகத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாட்டை ஐஸ்கோ என்பார்கள். 2008-ஆம் ஆண்டுப் பதிப்பில் 436 அடிப்படைத் தொழில் குழுக்கள். அதில் நர்ஸுக்கு இரண்டு எண்கள். 2221 என்றால் தொழில்முறைச் செவிலியர், நான்காவது, அதாவது மிக உயர்ந்த திறன் நிலை. 3221 என்றால் இணைத் தொழில்முறைச் செவிலியர், மூன்றாவது நிலை. எதை வைத்துப் பிரிப்பது? செய்கிற வேலையின் தன்மையை வைத்துப் பிரியுங்கள், சான்றிதழை வைத்தல்ல. பயிற்சி முறை நாட்டுக்கு நாடு மாறுகிறது என்று ஐஸ்கோவே தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. ஆனால் கணக்கெடுக்கிற அலுவலகத்துக்கு வேலையின் தன்மை எப்படித் தெரியும்? அவர்களிடம் இருப்பது பதவிப் பெயரும் படிப்பும்தான். ஸ்பெயினின் நர்ஸ் 2221-ல் விழுகிறார். ஜெர்மனியின் சொந்தத் தொழில் வகைப்பாட்டை ஐஸ்கோவுக்கு மாற்றும்போது சாதாரண வார்டு நர்ஸ் 3221-க்குப் போகிறார். ஐரோப்பிய உத்தரவு சமம் என்று சொன்ன இருவரும் இங்கே இரண்டு வேறு மாடிகளில்.

ஐரோப்பியத் தகுதிச் சட்டகம் என்று இன்னொன்று உண்டு, 2008-ல் வந்தது, எட்டுப் படிகள். அதில் ஸ்பெயினின் நர்ஸிங் பட்டம் ஆறாம் படி. ஜெர்மனியின் மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி நான்காம் படி. ஆக ஒரே ஆளைப் பற்றி மூன்று ஐரோப்பிய, உலகக் கருவிகளைக் கேட்டால் ஒன்று ‘சமம்’ என்கிறது, மற்ற இரண்டும் ‘இல்லை, கீழே’ என்கின்றன.

இதிலிருந்து ஒரு விபரீதம் பிறக்கிறது. படிப்புக்குக் குறைவான வேலை பார்ப்பவர்களை ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகம் எண்ணுகிறது. பட்டம் பெற்றவர் ஐஸ்கோவின் 4 முதல் 9 வரையிலான பெருங்குழுக்களில் (தொழில் எண்ணின் முதல் இலக்கம்தான் பெருங்குழு) வேலை பார்த்தால் அவர் அந்தக் கணக்கில் வருவார். மொழித் தேர்வு முடியும் வரை உதவியாளராக வேலை பார்த்த ஸ்பானிய செவிலியர், சுகாதார உதவியாளருக்கான 5321-ல் இருந்தார். அப்போது கணக்கில் வந்தார். தேர்வு முடிந்து நர்ஸ் என்ற பெயர் கிடைத்ததும் 3221-க்கு ஏறினார், கணக்கிலிருந்து மறைந்தார். மறுநாள் காலை அவர் செய்த வேலையில் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்திருக்கலாம். அவருடைய குறை மட்டும் புள்ளிவிவரத்தில் தீர்ந்துவிட்டது.

எஸ்கோ என்று ஐரோப்பிய ஆணையம் 2017-ல் முழுமையாக வெளியிட்ட பட்டியல் இன்னும் நுணுக்கமானது. முதல் பதிப்பில் 2,942 தொழில்கள், 13,485 திறன்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் அவசியத் திறன் எது, விருப்பத் திறன் எது என்று இணைத்திருக்கிறார்கள். ஒன்றியத்தின் எல்லா மொழிகளிலும் கிடைக்கிறது. வேலை தேடும் தளங்கள் ஆளையும் வேலையையும் பொருத்திப் பார்க்க இதைப் பயன்படுத்துகின்றன. நல்ல முயற்சி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு தொழிலுக்கு ஒரே திறன் பட்டியல்தான், 20-க்கும் மேற்பட்ட மொழிகளில். மொழி மாறினால் சொல் மாறும். பட்டியல் மாறாது. எந்த நாட்டில் எது நர்ஸின் கையில் இருக்கிறது என்பதற்கு அதில் இடமில்லை. பிரான்ஸில் நர்ஸ் என்னென்ன செயல்கள் செய்யலாம் என்பதைச் சட்ட ஆணையில் வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள். அந்த மாதிரி ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் எஸ்கோவின் வரிகளுக்கு உயிர் வரும்.

பட்டியல்களில் எனக்குப் பிடித்த விசித்திரம் ஒன்று உண்டு. ஜெர்மனியில் முதியோர் செவிலியர் என்று ஒரு தனித் தொழில் இருந்தது. மூன்று ஆண்டுப் படிப்பு, அரசுத் தேர்வு எல்லாம் உண்டு. இது மருத்துவத் தொழிலா, சமூக சேவையா என்று மாநிலங்களுக்கும் மத்திய அரசுக்கும் வழக்கு நடந்து, இது நோய் தீர்க்கும் தொழில்களில் ஒன்றுதான் என்று 2002 அக்டோபரில் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பவேரியா மாநிலம்தான் எதிர்த்து வழக்குப் போட்டது. மத்தியச் சட்டம் 2003 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கப்புறம், அதே ஜெர்மனி 2010-ல் உருவாக்கிய தொழில் வகைப்பாட்டில் முதியோர் செவிலியரை எங்கே வைத்தார்கள் தெரியுமா? ‘மருத்துவம் சாராத’ சுகாதார, உடல் பராமரிப்புத் தொழில்கள் என்ற குழுவில். முடிதிருத்துபவரும் இறுதிச் சடங்கு நடத்துபவரும் அதே குழுவில்தான். நீதிமன்றம் சொன்னது ஒன்று, வகைப்பாடு செய்தவர்கள் செய்தது வேறு. இதற்கு மேல் மற்ற ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலானவற்றில் இப்படி ஒரு தொழிலே கிடையாது. அதனால் ஜெர்மன் முதியோர் செவிலியரின் சான்றிதழுக்குத் தானியங்கி ஏற்பு இல்லை. முப்பது வருடம் அனுபவம் உள்ளவரும் எல்லை தாண்டினால் தனி விண்ணப்பம் போட்டு, தனி ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டும்.

2020 ஜனவரியில் வந்த புதிய சட்டம் முதியோர், குழந்தைகள், பொது என்ற மூன்று செவிலியர் படிப்புகளையும் ஒன்றாக்கியது. அந்த முதல் அணி 2023-ல் வெளியே வந்தது. அதே சட்டத்தில்தான் நர்ஸ் மட்டுமே செய்யக்கூடிய வேலைகள் என்று முதன்முறையாக ஒதுக்கினார்கள். பராமரிப்புத் தேவையைக் கண்டறிவது, பராமரிப்பு நடைமுறையை ஒழுங்குபடுத்தி நடத்துவது, தரத்தை மதிப்பிடுவது. அதற்கு முன் நர்ஸ் என்ற பெயருக்குத்தான் சட்டப் பாதுகாப்பு இருந்தது, வேலைக்கு இல்லை. கவனியுங்கள், இந்த மூன்றிலும் ஊசி வரவில்லை. ஸ்பெயின் அதற்குள் இன்னும் மேலே போய்விட்டது. செவிலியர்கள் சில மருந்துகளை எழுதிக் கொடுப்பதை 2015-ல் ஓர் ஆணை மூலம் ஒழுங்குபடுத்தி, அதில் எழுந்த சர்ச்சைக்குப் பின் 2018-ல் திருத்தினார்கள்.

ஒரே நாட்டுக்குள்ளும்

நாடு விட்டு நாடு போனால்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்தில் நர்ஸ் ஆக இரண்டு வழி: நடுநிலைத் தொழிற்பள்ளி, அல்லது உயர் தொழிற்கல்லூரியின் இளநிலைப் பட்டம். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே அரசுப் பதிவேடு, வார்டில் பெரும்பாலும் ஒரே வேலை. பட்டம் பெற்றவர்களுக்கு ‘வழிநடத்தும் செவிலியர்’ என்று தனிப் பெயர் கொடுத்துப் பிரிக்கலாம் என்று சட்ட முன்வரைவு வந்தது. அவ்வளவுதான். இருபது, முப்பது வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றவர்கள், நேற்றுப் பட்டம் வாங்கியவருக்குக் கீழே நாங்களா என்று கிளம்பிவிட்டார்கள். 2019 கோடைக்காலம் முழுக்க எதிர்ப்பு. அந்த ஆண்டே அமைச்சர் முன்வரைவைத் திரும்பப் பெற்றார்.

போலந்து இதையே அமைதியாகச் செய்தது. 2004-ல் ஒன்றியத்தில் சேர்ந்தபோது அங்கிருந்த செவிலியர்களில் ஏராளமானோர் மருத்துவ உயர்நிலைப் பள்ளியில் படித்து வந்தவர்கள். அவர்களுக்காகப் ‘பாலப் படிப்பு’ நடத்தி, வேலை பார்த்துக்கொண்டே இளநிலைப் பட்டம் வரை ஏற்றிவிட்டார்கள்.

பட்டத்தால் ஏதாவது வித்தியாசம் உண்டா என்றால், ஓரளவு உண்டு. 9 ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளில் 4 லட்சத்து 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சை நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2014-ல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. ஒரு நர்ஸின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேர்ந்தால், சேர்க்கப்பட்ட 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. பட்டம் பெற்ற செவிலியர்களின் பங்கு 10 சதவீதம் கூடினால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது என்பது அதன் முடிவு. பட்டப்படிப்பு வேண்டும் என்பவர்கள் இரண்டாவது எண்ணைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். முதல் எண்ணை மருத்துவமனை நிர்வாகங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதற்குப் பணம் செலவாகும்.

எண்ணிக்கையிலும் அக்கம்பக்கத்தைப் பார்க்காவிட்டால் தவறு வரும். 2021 வாக்கில் ஜெர்மனியில் 1,000 பேருக்குச் சுமார் 12 நர்ஸ், ஸ்பெயினில் சுமார் 6. பார்த்தவுடன் ஸ்பெயினில் பாதிதான் கவனிப்பு என்று தோன்றும். ஆனால் இந்தக் கணக்கில் ஸ்பெயினின் ஆக்சிலியார்கள் இல்லை, கட்டில் பக்கத்து நாற்காலியில் இருக்கும் அம்மாவும் இல்லை. ஸ்பெயினில் செவிலியர் பற்றாக்குறை உண்மை, அதை மறுக்கவில்லை. இரண்டு மடங்கு வித்தியாசம் என்பது மட்டும் உண்மையில்லை.

நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள்

இப்போது ஜெர்மனி நம் பக்கம் திரும்பியிருக்கிறது. வெளிநாடு வாழ் கேரளத்தவருக்கான கேரள அரசின் நோர்கா அமைப்பு ஜெர்மனியின் வேலைவாய்ப்பு நிறுவனத்தோடு 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது. தமிழ்நாட்டின் ஊர்களிலும் ஜெர்மன் மொழி வகுப்பு, நர்ஸ் வேலை என்று விளம்பரத் தட்டிகளைப் பார்க்கலாம். பிஎஸ்சி நர்ஸிங் நாலு வருடம் படித்துவிட்டுப் போகிறவருக்கு ஸ்பானியருக்குக் கிடைத்த தானியங்கி ஏற்பும் கிடையாது. போய்ச் சேரும் ஜெர்மன் மாநிலத்தின் அதிகாரி பாடத்திட்டத்தை ஒப்பிட்டு, என்னென்ன குறைகிறது என்று ஒரு கடிதம் கொடுப்பார். பிறகு ஈடுசெய்யும் பயிற்சி, அல்லது அறிவுத் தேர்வு. அத்துடன் பி2 எனப்படும் உயர் இடைநிலை அளவுக்கு ஜெர்மன் மொழி. அது முடியும் வரை உதவியாளர் வேலை, உதவியாளர் சம்பளம்.

குறைகிறது என்று எழுதப்படுவது எது என்பதையும் கவனிக்க வேண்டும். நம் வார்டுகளில் வேலைப் பிரிவு எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். ஊசி, டிரிப்ஸ், வென்ஃப்ளான், மருந்து, கேஸ் ஷீட் எல்லாம் ஸ்டாஃப் நர்ஸ். பெட்பேன் வைப்பது, துணி மாற்றுவது ஆயாம்மா. ஊட்டிவிடுவது, துடைத்துவிடுவது, மாத்திரை வாங்க ஓடுவது நோயாளியோடு வந்த அட்டெண்டர், அதாவது வீட்டு ஆள். இது ஏறக்குறைய ஸ்பெயினின் அமைப்பேதான். எனவே ஸ்பானியருக்கு என்ன அதிர்ச்சி காத்திருந்ததோ, அதே அதிர்ச்சி மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ போகிறவருக்கும் காத்திருக்கிறது. கூடவே சாதிப் பார்வையும் சேர்ந்துகொள்கிறது. மலம் அள்ளுகிற வேலையை யார் செய்வது என்பதில் நமக்கு இருக்கிற அருவருப்பு ஸ்பெயின்காரருக்கு இருக்கிற கௌரவப் பிரச்சினையைவிட ஆழமானது. அதை வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அதனால் நேர்காணலில் சம்பளம், விசா, தங்குமிடம் கேட்ட பிறகு இன்னும் மூன்று கேள்வி கேட்கலாம். இந்த வார்டில் ரத்தம் எடுப்பது யார்? காலையில் நோயாளியைக் குளிப்பாட்டுவது யார்? ஒரு ஷிஃப்டில் எனக்குத் துணையாக எத்தனை உதவியாளர்? முதல் கேள்விக்கு ‘டாக்டர்’ என்றும், இரண்டாவதற்கு ‘நீங்கள்தான்’ என்றும், மூன்றாவதற்கு ஒரு மழுப்பலும் பதிலாக வந்தால், என்ன வேலைக்குப் போகிறோம் என்பது தெரிந்துவிடும். அப்புறம் போவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம். பலருக்கு அந்த வேலையே பிடித்துப் போய்விடுகிறது. அப்படித் தங்கிவிட்ட ஸ்பானியர்களும் ஜெர்மனியில் இருக்கிறார்கள். ஊர் திரும்பி, தேர்வு எழுதி, அரசு மருத்துவமனையில் ஊசியைக் கையில் எடுத்தவர்களும் இருக்கிறார்கள்.